ஒன்பது ‘தெரியாது’

ஓட்டுநர் குளியலறை வாசலில் சிக்கிக்கொண்டபோது சனிக்கிழமை காலை எட்டு மணி.

அவர் உட்கார்ந்திருந்தது பஸ் டிப்போவிலிருந்து இரவல் வாங்கிவந்த உருளும் நாற்காலியில். அதன் இரண்டு கைப்பிடிகளுக்கும் குறுக்கே ஒரு துடைப்பக் கழியை மைத்துனியின் சக்கர நாற்காலி அகலத்துக்கு, சரியாக இருபத்தைந்தரை அங்குலம், அளந்து வெட்டி, கயிறு போட்டுக் கட்டியிருந்தார். கூடத்தில் இரண்டு வட்டம் அடித்தார். சமையலறைக்குள் போய்ப் பின்னோக்கி வந்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது. குளியலறை வாசலில் கழியின் இரு முனைகளும் நிலையில் இடித்தன. அவர் தரையில் காலை ஊன்றி ஓர் உந்து உந்தினார். கழி வில்லாக வளைந்து நிலைக்குள் புகுந்து இறுகிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை.

“வாசல் இருபத்துநாலு அங்குலம். கழி இருபத்தஞ்சரை. போகாதுன்னு தெரிய இதுல ஏறி உக்காந்து பாக்கணுமாங்க?” என்றாள் மனைவி.

“இருபது வருஷமா பஸ் ஓட்டறேன். அளவெல்லாம் காகிதத்துல சரியாத்தான் இருக்கும். ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்.”

மேசைமேல் சாய்த்து வைத்திருந்த கைபேசியிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. “அத்தான், கண்டக்டரை விசில் அடிக்கச் சொல்லுங்க! பின்னால வண்டியெல்லாம் நிக்குது!”

அது அவளுடைய தங்கை. வீட்டில் எல்லோருக்கும் அவள் ‘ரேடியோ’தான். ஏழு மாதத்துக்கு முன்னால் துணிக்கடைக் கிடங்கில் உச்சி அடுக்கிலிருந்து ஒரு துணி மூட்டையை இறக்கப் போய் ஏணியோடு விழுந்தாள். அன்றைக்குப் போன கால்கள் இனி வராது என்று மூன்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அப்போதும் ரேடியோ நிற்கவில்லை. முதல் மாதம் மட்டும் கொஞ்சம் கரகரத்தது, அவ்வளவுதான்.

ரேடியோ தங்கியிருக்கும் மறுவாழ்வுப் பயிற்சி மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்து நான்கு நாள்தான் ஆகிறது. பத்து வாரத்தில் ரேடியோவை அனுப்பிவிடுவார்கள். அதற்கு முந்தைய நாள் மருத்துவமனையிலிருந்து ஓர் அம்மா அளவுநாடாவோடு வீட்டுக்கு வருவார். வாசல், குளியலறை, அடுப்பு மூன்றையும் பார்ப்பார். அவர் தலையசைத்தால் ரேடியோ அக்கா வீட்டுக்கு வரலாம். இல்லாவிட்டால் ஆறு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஒரு பராமரிப்பு இல்லம். அங்கே ஒரு படுக்கை காலியாக இருக்கிறது என்று கடிதத்தின் கடைசி வரி ரொம்ப அக்கறையோடு தெரிவித்திருந்தது.

அந்த வரியை அக்கா ஒரு தடவைதான் படித்தாள். பிறகு கடிதத்தை அந்த வரி தெரியாதபடி மடித்துச் சுவரில் ஒட்டிவிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் நடக்கவில்லை, ஓடினார்கள்.

அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அலுவலகத்தில் வைத்தது: சல்லடை. அவள் வேலை பார்ப்பது, வீடு வீடாக ஆள் அனுப்பிக் கருத்துக் கேட்கும் நிறுவனத்தில். எந்தச் சோப்பு போடுகிறீர்கள், எந்தப் பேருந்தில் போகிறீர்கள், தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டு நிரப்பிய படிவங்கள் மாலையில் மூட்டை மூட்டையாக அவள் மேசைக்கு வரும். வீடுகளுக்கே போகாமல் டீக்கடையில் உட்கார்ந்து நிரப்பியவற்றைப் பொறுக்கி எடுப்பது அவள் பொறுப்பு. அதற்கு அந்தத் தொழிலில் சில தந்திரங்கள் உண்டு. பன்னிரண்டு சோப்புகளின் பட்டியலில் உலகத்திலேயே இல்லாத ஒரு சோப்பின் பெயரையும் செருகிவைப்பார்கள். ‘அதைத்தான் தினமும் போடுகிறேன், நல்ல வாசனை’ என்று பதில் வந்தால் அந்தப் படிவம் நேரே சிவப்புத் தட்டுக்குப் போகும்.

இப்படிப்பட்டவள் வீட்டை இடித்துக் கட்ட ஆள் தேடினால் எப்படித் தேடுவாள்? படிவம் அடித்தாள். முப்பத்தொரு கேள்விகள். இதுபோல எத்தனை வீடு செய்திருக்கிறீர்கள்? அவர்களில் மூன்று பேரிடம் நான் பேசலாமா? தினமும் இங்கே நின்று வேலையைப் பார்ப்பது நீங்களா, வேறு ஆளா? குடியிருப்புச் சங்கத்தில் அனுமதி வாங்குவது யார்? குளியலறையை உடைத்துப் போட்ட நாள்களில் நாங்கள் எங்கே குளிப்பது? நடுவில் ஏதாவது மாறினால் எழுதித் தருவீர்களா? சொன்ன தேதி தவறினால்? ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். சரியான பதிலுக்கு ஒரு மதிப்பெண். ‘தெரியாது’ என்றால் அலுவலக வழக்கப்படி தொண்ணூற்றொன்பது என்று எழுதவேண்டும், மதிப்பெண் கிடையாது. மேலே வலது மூலையில் தொடங்கிய நேரம், முடிந்த நேரம்.

“கல்யாணத்துக்கு என்னைப் பாக்க வந்தப்போ இவ்வளவு கேட்டியா நீ?” என்றார் ஓட்டுநர், கழியை அறுத்து விடுதலையான கையோடு.

“கேட்டிருந்தா நிலைமையே வேற.”

சனிக்கிழமை முழுவதும் வரிசையாக மூன்று ஒப்பந்தக்காரர்கள் வந்தார்கள். ரேடியோ கைபேசி வழியாகப் பார்த்து ஆளுக்கொரு பெயர் வைத்தாள்.

முதலில் இருமல்காரர். நான்காவது கேள்விவரை இருமினார். ஐந்தாவது கேள்விக்கு, “என்னம்மா இது, வேலை குடுக்கறீங்களா, வாக்குமூலம் வாங்கறீங்களா?” என்று எழுந்தவர், வாசலில் செருப்பைத் தேடும்போதும் இருமிக்கொண்டிருந்தார்.

அடுத்தது டைக்காரர். நீலச் சட்டை, வெள்ளி நிறத்தில் டை, கையில் தட்டுக் கணினி. உள்ளே வந்ததும் மூக்கை இழுத்து, “நல்ல வீடு மேடம், பேசற வீடு” என்றார். சல்லடை கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்து நின்றது. எத்தனை வீடு? நூற்று நாற்பது. வாசலை அகலமாக்கலாமா? ஒரே நாள். அனுமதி? எங்கள் பொறுப்பு. தூசி? தெரியவே தெரியாது. எவ்வளவு நாள்? ஐந்து வாரம், புதன்கிழமையே தொடங்கலாம். தட்டுக் கணினியில் விரலைத் தள்ளத் தள்ள அழகழகான குளியலறைகள் ஓடின. ஒன்றில்கூட ஈரம் இல்லை.

“அக்கா, இவரு கையில மைக் இருந்தா நான் வேலையை விட்டுடலாம்” என்றாள் ரேடியோ.

முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று. போகும்போது அவர் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஒப்பந்தத்தோடு வருவதாகச் சொன்னார். புதன்கிழமையைப் பிடித்துவைக்க வேண்டுமென்றால் அன்றே கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். இன்னும் இரண்டு குடும்பங்கள் அதே புதன்கிழமைக்குக் காத்திருக்கின்றனவாம்.

கடைசியாக வந்தவர் பென்சில்காரர், காதில் பென்சில் செருகியிருந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு நேராகக் குளியலறைக்குப் போய், தரையில் குப்புறப் படுத்து, டார்ச் அடித்துச் சாக்கடைத் துளைக்குள் பார்த்தார். சல்லடை படிவத்தோடு அவருடைய பாதங்களுக்கு அருகில் நின்று கேட்டாள்.

“வாசலை அகலப்படுத்த எத்தனை நாளாகும்?”

“தெரியாதும்மா.”

“குத்துமதிப்பா?”

“குத்துமதிப்பா சொன்னா நீங்க அதை எழுதிடுவீங்க. சுவத்துக்குள்ள என்ன ஓடுதுன்னு பாக்காம எப்படிச் சொல்றது?”

“மொத்த வேலைக்கு?”

“எட்டு வாரம் ஆகலாம். சுவத்தைத் திறந்தாத்தான் உறுதி. இப்ப ஒரு வேலை நடக்குது, அது முடிய ரெண்டு வாரம். அப்புறம்தான் வர முடியும்.”

ஒன்பது இடத்தில் தொண்ணூற்றொன்பது விழுந்தது. எழுபது நிமிடம் ஆனது. கிளம்பும்போது அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்து, “தங்கச்சிக்கு எந்தக் கை பலம்?” என்று கேட்டார். படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை. அன்று காலையிலிருந்து கேட்டுக் கேட்டு நாக்கு வறண்டிருந்த சல்லடை, “கேள்வி கேக்கறது நாங்கதாங்க” என்று சொல்லி முடித்துக்கொண்டாள். ரேடியோ அதற்குள் பயிற்சிக்குப் போயிருந்ததால் குறுக்கே புக முடியவில்லை.

“ரெண்டும் எட்டும் பத்து” என்றார் ஓட்டுநர். “பத்து வாரத்துக்குப் பத்து வாரம். ஒரு சிக்னல் விழுந்தாக்கூட அவ்வளவுதான். டைக்காரருக்கே போட்டுடலாம்.”

சல்லடைக்கும் அதில் மறுபேச்சு இல்லை. ஞாயிறு காலை டைக்காரர் கொடுத்த மூன்று எண்களுக்கும் பேசினாள். மூவரும் வாய் வலிக்கப் புகழ்ந்தார்கள். அவ்வளவுதான், வீடு கொண்டாட்டமாகிவிட்டது. ஓட்டுநர் கூடத்துச் சாமான்களை ஒரு பக்கமாக நகர்த்தத் தொடங்கினார். ரேடியோ தன் அறைக்குச் சுவர் நிறம் கேட்டாள், பிறகு மாற்றினாள், பிறகு மறுபடி மாற்றினாள். “அடுப்பு என் மடி உசரத்துக்கு வரட்டும் அக்கா, அப்புறம் பாரு. நீ ஆபீஸ்லருந்து வந்தா உன் காலைக்கூட நான்தான் அமுக்கி விடுவேன். என் காலைத்தான் யாரும் அமுக்க வேண்டியதில்லையே!” என்று சொல்லி அவளே சிரித்தாள். அக்கா சிரித்துக்கொண்டே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மூன்று மணிக்கு அவள் படிவங்களைக் கோப்பில் செருக உட்கார்ந்தாள். செருகுமுன் ஒருமுறை சரிபார்ப்பது பழக்கம். பல் தேய்ப்பதுபோல அது தானாக நடக்கும். விரல் வலது மூலைக்குப் போனது. டைக்காரர்: தொடங்கியது 11.10, முடிந்தது 11.21. விரல் கட்டங்களின் வழியாகக் கீழே இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று… முப்பத்தொன்று. ஒரு தொண்ணூற்றொன்பதுகூட இல்லை.

அவள் கை அந்தப் படிவத்தைத் தூக்கி மேசையின் இடது ஓரத்தில் வைத்தது. வைத்த பிறகுதான், அலுவலகத்தில் சிவப்புத் தட்டு இருக்கும் இடம் அது என்பது அவளுக்கு உறைத்தது.

“என்னங்க!”

ஓட்டுநர் அலமாரியின் ஒரு முனையைத் தூக்கியபடியே எட்டிப் பார்த்தார்.

“பதினோரு வருஷமா நான் என்ன சொல்லிக்கிட்டிருக்கேன்? நிஜமா வீட்டுக்குப் போய்க் கேட்டா ரெண்டு மூணு கேள்விக்காவது ஜனங்க தெரியாதுன்னு சொல்லியே தீருவாங்க. ஒண்ணுகூட இல்லைன்னா அது டீக்கடையில நிரப்பினது. எத்தனை பசங்களை இதுக்காகக் கூப்பிட்டுக் கண்டிச்சிருக்கேன்! என் வீட்டுக்குன்னு வந்ததும் முழு மார்க் போட்டுட்டு உக்காந்திருக்கேன் பாருங்க.”

“நல்லா பதில் சொன்னா அதுக்கும் கோவமா?”

“அந்தச் சுவத்தை அவர் தொட்டுக்கூடப் பாக்கலை. ஒரே நாள்னு சொன்னாரே, எதைப் பாத்து?”

ஓட்டுநர் அலமாரியைக் கீழே வைத்தார். “இப்ப மணி மூணு பத்து. நாலு மணிக்கு ஆள் வந்துடுவார். விட்டா அஞ்சு வாரம் போச்சு. பென்சில்காரரை நம்பி, அவர் சுவத்தைத் திறந்துட்டுப் பன்னெண்டு வாரம்னு சொன்னா? உன் தங்கச்சிகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மடித்து ஒட்டிய கடிதத்தின் தெரியாத வரி சுவரிலிருந்து அவளையே பார்ப்பதுபோல இருந்தது. ஆனாலும் அவளுக்குள் இருந்த சல்லடை விழித்துக்கொண்டுவிட்டது. இனி அது தூங்காது.

“ரேடியோ, இருக்கியா?”

“நான் எங்க எழுந்தா போயிடப் போறேன்? சொல்லு.”

“குழாய் சம்பந்தமா ஒரு சாமானுக்குப் பேர் வேணும். கேட்டா இருக்கும்போல இருக்கணும். ஆனா உலகத்துலயே இருக்கக் கூடாது.”

மறுமுனையில் இரண்டு விநாடி மௌனம். அந்த வானொலி வரலாற்றிலேயே அது நீண்ட இடைவேளை. “குதிரைக்கழுத்து மூட்டு” என்றாள் ரேடியோ.

நான்கு மணிக்கு டைக்காரர் வந்தார். இன்றைக்குப் பச்சை டை. பளபளக்கும் உறையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து மேசையில் விரித்து, பேனாவின் மூடியையும் கழற்றி வைத்தார். ஓட்டுநர் சுவரில் சாய்ந்து நின்றார். கைபேசி பூச்சாடியில் சாய்ந்து நின்றது.

“ஒரே ஒரு கேள்வி விட்டுப்போச்சு சார்” என்றாள் சல்லடை. குரலை ஏற்றவுமில்லை, இறக்கவுமில்லை. அலுவலகத்தில் புதியவர்களுக்கு அவள் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் குரல் அது. “இந்தச் சுவத்துக்குள்ள போற கழிவுக் குழாயில குதிரைக்கழுத்து மூட்டு இருந்தா என்ன பண்ணுவீங்க?”

“சிம்பிள் மேடம்!” கேள்வி முடியுமுன் பதில் வந்துவிட்டது. “போன மாசம்கூட மூணு வீட்ல அதைத்தான் மாத்தினோம். பழைய மாடல் குதிரைக்கழுத்து தொல்லைதான். நாங்க இப்ப புதுசு போடறோம். பத்து வருஷ உத்தரவாதம்.”

ஓட்டுநர் சட்டெனக் கூரையைப் பார்த்தார். பூச்சாடி பக்கமிருந்து, தண்ணீர் குடிக்கும்போது புரையேறியதுபோல ஒரு சத்தம் வந்தது.

“எந்த நிறத்துல வரும் சார்?” என்று ரேடியோ கேட்டாள்.

“வெள்ளை, சாம்பல் ரெண்டுமே இருக்கு மேடம்.”

சல்லடை பேனாவை எடுத்தாள். டைக்காரர் ஒப்பந்தத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் மூடியை எடுத்துப் பேனாவை மூடி, மரியாதையாக அவரிடமே நீட்டினாள். “காத்திருக்கற ரெண்டு குடும்பத்துல ஒருத்தருக்குப் புதன்கிழமையைக் குடுத்துடுங்க சார்.”

அவர் போனதும் ஓட்டுநர் நாற்காலியில் பொத்தென விழுந்தார். நாற்காலி அவரோடு கூடத்தின் மறுகோடி வரை உருண்டது. “சாம்பல் நிறம்! சாம்பல் நிறக் குதிரைக்கழுத்து!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாவம், பொய்யர்னு சொல்ல மாட்டேன். தெரியாதுன்னு சொல்லிப் பழக்கமில்லாத ஆள். எங்க டிப்போவுல ஒருத்தன் இப்படித்தான் வழி சொல்லுவான்.”

சிரிப்பு அடங்கியபோது புதன்கிழமையும் போயிருந்தது. சல்லடை பென்சில்காரருக்கு அழைத்தாள். எல்லோருக்கும் ஒரே கேள்வி, அதுதான் தொழில் தர்மம்.

“குதிரைக்கழுத்தா?” என்றார் அவர். மறுமுனையில் சுத்தியல் சத்தம் நின்றது. “அப்படி ஒண்ணு நான் கேள்விப்பட்டதே இல்லையேம்மா. யாரு சொன்னாங்க? இருந்தா நானும் கத்துக்கணும்.”

“இல்லீங்க. சும்மா கேட்டேன்.” ஒரு மூச்சு விட்டு அவள் தொடர்ந்தாள். “எனக்கு வாரக்கணக்கு தெரியாம தூக்கம் வராது. அந்தச் சுவத்தைத் திறந்து பாக்க எவ்வளவு நேரமாகும்?”

“முழுசாவா? கை நுழையற அளவு ஓட்டை போட்டாப் போதும். அரை மணி. சாயங்கால வெளிச்சம் போறதுக்குள்ள வந்துடறேன். பிடிக்கலைன்னா பூசிக் குடுத்துட்டுப் போயிடறேன்.”

ஐந்தேகாலுக்கு அவர் உளியோடு குளியலறை வாசலில் மண்டியிட்டிருந்தார். சல்லடை பின்னால் கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தாள். ஓட்டுநர் முறத்தில் சிதறலை ஏந்தினார். சுத்தியலின் ஒவ்வொரு அடிக்கும் மூன்று பேரின் தோளும் ஒன்றாகத் துள்ளியது. வாசலின் இடது பக்கம் காரை உதிர்ந்தது, செங்கல் உதிர்ந்தது, பிறகு சத்தம் மாறியது. பென்சில்காரர் அடிப்பதை நிறுத்தி ஓட்டைக்குள் டார்ச்சை அடித்தார். விலகி, அவளுக்கு இடம் விட்டார்.

உள்ளே ஒரு கறுப்புக் குழாய், அவள் தொடை பருமனுக்கு, மேலிருந்து கீழே போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மாடி வீட்டில் யாரோ தண்ணீர் ஊற்ற, குழாய் கடகடவென்று பேசியது.

“மாடி வீட்டுக் கழிவெல்லாம் இதுலதான் இறங்குது” என்றார் அவர். “பாக்காம வாசலை இந்தப் பக்கம் இடிச்சிருந்தா, அன்னிக்கே எல்லாம் கூடத்துக்கு வந்திருக்கும்.”

“உவ்வே!” என்றாள் ரேடியோ. “பத்து வருஷ உத்தரவாதத்தோட வந்திருக்கும்.”

சல்லடை ஓட்டையிலிருந்து தலையை எடுத்தாள். “அப்ப வாசலை அகலமாக்க முடியாதா?”

பென்சில்காரர் வலது பக்கம் போய் அங்கேயும் ஓர் ஓட்டை போட்டார். இந்தத் தடவை சத்தம் மாறவே இல்லை. செங்கல், செங்கல், அதற்கப்பால் சாமான் அறையின் வெளிச்சம். கையை முழங்கை வரை விட்டுத் துழாவி வெளியே எடுத்தார். கையெல்லாம் வெண்தூசி.

“ஒண்ணுமில்லை. வாசலை இந்தப் பக்கம் தள்ளிடலாம். முப்பத்துநாலு அங்குலம் தாராளமா கிடைக்கும். குழாயைத் தொடவே வேண்டாம். அதுல ஒரு வாரம் மிச்சம். ஏழு வாரத்துல முடிச்சிடுவேன்.”

ரெண்டும் ஏழும். சல்லடை விரலைக்கூட மடக்கவில்லை. “ஒம்போது!” என்று கத்தியது அவளும் ரேடியோவும் ஒரே நேரத்தில்.

“ஒரு வாரம் லேட்டா ஓட்டினாலும் கரெக்ட் டைம்” என்றார் ஓட்டுநர், முறத்தைத் தலைக்குமேல் தூக்கி. காரைத் தூள் அவர் தலையிலேயே கொட்டியது.

பென்சில்காரர் சுவரில் புதிய வாசலைக் கோடாக வரைந்தார். பிறகு கைபேசியைப் பார்த்தார். “தங்கச்சி, நேத்து உங்க அக்கா இதைக் கேக்க விடலை. உங்களுக்கு எந்தக் கை பலம்? பிடிச்சு உடம்பைத் தூக்கி மாறி உக்காரக் கம்பி அந்தப் பக்கம்தான் வரணும்.”

“இடது” என்றாள் ரேடியோ, கொஞ்சம் கரகரப்பாக. “ஏழு மாசத்துல இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கதான். வேணும்னா இப்பவே கையை நீட்டறேன், அளந்துக்குங்க.”

திரையில் இடது கை நீண்டது. யாரோ ஒரு செவிலி சிரித்தபடி அதன் ஓரமாக அளவுநாடாவைப் பிடித்தாள். ரேடியோ அங்குலம் சொல்லச் சொல்ல, பென்சில் இங்கே சுவரில் சின்னச் சின்னக் கோடுகள் இழுத்தது. ஓட்டுநர் புதிதாக ஒரு கழியை அளந்து நாற்காலியில் கட்டி, வரைந்த வாசலின் நேர் எதிரே கொண்டுவந்து நிறுத்தினார். கழிக்கு இரண்டு பக்கமும் நாலு நாலு அங்குலம் இடம் கிடந்தது. வாயாலேயே ஹாரன் அடித்தார்.

சல்லடை மேசைக்குப் போனாள். பென்சில்காரரின் படிவத்தை எடுத்து, ஒரு தொண்ணூற்றொன்பதை மட்டும் அடித்து, பக்கத்தில் ‘ஏழு வாரம், சுவரைத் திறந்து பார்த்தது’ என்று எழுதினாள். மற்ற எட்டையும் அப்படியே விட்டாள். பிறகு சுவரில் ஒட்டியிருந்த கடிதத்தின் மடிப்பைப் பிரித்து, கடைசி வரி வரை நிமிர்த்தி, மறுபடி ஒட்டினாள்.

“அக்கா, அங்க என்ன பண்றே? இங்க வா!” என்று கூப்பிட்டது ரேடியோ. “சுவர் நிறத்தை மாத்திட்டேன்!”